ஈயம் தொட்ட கை

பிப். 5, திங்கள்

மழை. பிஜித் தீவில் எங்கள் லம்பாசா கரும்பாலையில் அரவை இல்லாத மாதம், அரை நாள்தான் வேலை. மதியத்துக்கு மேல் மாதா கோயில் கொட்டகை. புயலில் போன பீடத்து ஜன்னலுக்குப் பதில் கலர்க் கண்ணாடி ஜன்னல், ஈஸ்டருக்குள். கண்ணாடி வேலை தெரிந்த மடத்துப் பிரதர் தனியாகச் செய்து முடியாது. "தகரவேலை தெரிஞ்ச ஆளு நீதான் அந்தோணி" என்றார் சாமியார். என் மனைவி செசிலி போய் எட்டு மாதம். கை சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்.

கற்றது: ஈயப் பட்டையில் இரு பக்கமும் பள்ளம், அதில் கண்ணாடி விளிம்பு உட்காரும். முதலில் பட்டையைக் குறட்டால் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். இழுத்ததில் மல்லாக்க விழுந்தேன். பிரதர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

உடைத்த கண்ணாடி: 4.

கிளம்பும்போது பிரதர் இந்தியில் சொன்னார், சோப்புப் போட்டுக் கழுவு, நகத்துக்குள்ளும். பதினாறு வருஷமாக ஈயம் பற்றவைக்கிறவனுக்குப் பாடம்.

பிப். 14, விபூதிப் புதன்

வெயில். நெற்றியில் சாம்பல், நகத்தில் ஈயம்.

மகள் ரோசிக்கு ஐந்து வயது. அம்மா போனதிலிருந்து நான் உருட்டிக் கொடுத்தால்தான் சோறு. அண்ணி கொடுத்தால் வாய்ப்பூட்டு. அதனால் தினமும் மதியம் அண்ணி அவளையும் சோற்றையும் கொட்டகைக்கே கொண்டுவருகிறாள். கையைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஊட்டினேன். "இன்னொண்ணு, பெருசா." ஒன்பது உருண்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 3, சனி

தூறல். ஜன்னல் நடுவில் வருகிற கண்ணாடிப் புறா முடிந்தது. இனி பட்டி வேலை. வெள்ளை ஈயப் பொடியில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரலால் அழுத்த வேண்டும், மழை இறங்காதபடி. சோறு பிசைகிற மாதிரிதான். எனக்கு நன்றாக வருகிறது, பிரதரே சொன்னார்.

ரோசிக்கு வயிற்றுவலி. எனக்கும் நாலு நாளாக வயிறு சரியில்லை. பருப்பு பழசாக இருக்கும். ஓமத்தண்ணீர்.

மார்ச் 17, சனி

ரோசி விளையாடப் போவதில்லை. முகம் வெளுத்துக் கிடக்கிறாள். இன்று மூன்று உருண்டைதான். "போதும்பா, போதும்." "அம்மாவுக்காக ஒண்ணு" என்றேன். வாங்கிக்கொண்டாள். பிறகு வாந்தி.

அண்ணி: "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடு. ஜன்னல் எங்கயும் ஓடிடாது."

மார்ச் 19, திங்கள்

காலையிலேயே வலிப்பு. அண்ணன் வண்டி பூட்டினார். ஆஸ்பத்திரி.

டாக்டர் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறில் நீலக்கோடு. பிறகு என் உதட்டைத் தூக்கினார். எனக்கும். ஈயம் உள்ளே போயிருக்கிறது என்றார்கள். என்ன வேலை என்று கம்பவுண்டர் கேட்டார். சொன்னேன். குழந்தைக்கு யார் ஊட்டுவது என்று கேட்டார். சொன்னேன். என் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார்.

நான்தான். என் கைதான். அந்தக் கடைசி உருண்டையும்.

மார்ச் 24, சனி

பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். பால், முட்டை. வலது மணிக்கட்டு தொங்குகிறது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம். பொம்மையை இடது கையால் இழுக்கிறாள்.

பிரதர் வந்தார். தினமும் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் அழுகிறார். ஒரு தடவை சொன்னதே போதும், கேட்காதவன் நான். மீதிப் பட்டியை அவரே முடித்துவிட்டாராம்.

ஏப். 1, ஈஸ்டர் ஞாயிறு

நல்ல வெயில். ஜன்னல் ஏற்றியாயிற்று. அண்ணி மடியில் ரோசி, பாவாடையில் விழுந்த நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு என் முதுகைத் தட்டினார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது.

வீட்டில் கறிச்சோறு. அண்ணி ஊட்டப் போனாள். வாய்ப்பூட்டு. "அப்பா குடு."

அண்ணி தட்டை என்னிடம் நீட்டினாள். "டாக்டரே சொல்லிட்டாரு, கழுவின கையால குடுக்கலாமாம். குடு."

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். நகம் ஏற்கெனவே ஒட்ட வெட்டியது. உருண்டை பிடித்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். என் கை போகவில்லை. உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் கரண்டி எடுத்துவந்தேன்.

கரண்டியைப் பார்த்தாள். தொங்குகிற கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என் மேல கோவமாப்பா?" என்றாள்.