பூசுற மருந்துதானே என்று நினைத்துவிட்டான்

என் ஆசை வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்குள் நம் ஊரில் பெண்கள் போவதில்லை. உங்கள் கப்றடிக்குப் போய் ஸலாம் சொல்கிறவன் தம்பி இர்ஷாத் ஒருவன்தான். ஆனால் நான் சொல்ல வேண்டியதே அவனைப் பற்றித்தான். அவன் உங்களிடம் வாய் திறந்திருக்க மாட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தோல் வருத்தம் அவனுக்கும் வந்துவிட்டது, வாப்பா. முழங்கையில் தொடங்கி முதுகு, கால் எல்லாம் அதே சிவந்த திட்டு, அதே வெள்ளைச் செதிள். நீங்கள் கரப்பன் என்று சொல்லி வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தீர்களே, அதற்குப் பெயர் சொரியாசிஸாம். தொட்டால் அடுத்தவருக்கு ஒட்டாதாம். குடும்பத்தில் மட்டும் ஓடலாமாம். உங்கள் காலத்தில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? சொல்லியும் ஊர் நம்பவில்லையா?

நம் நிந்தவூரில் பாதிக் கல்யாணங்களுக்கு நீங்கள்தான் சமைத்தீர்கள். கையில் செதிள் தெரியத் தொடங்கியதும் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். சகன் தட்டில் எல்லோரும் ஒன்றாகக் கை வைக்கும்போது நீங்கள் மட்டும் "நான் திண்டுட்டன்" என்று எழுந்து போனதை இர்ஷாத் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறான். அவன் மனதில் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அவன் இப்போது கல்முனையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். சாய்ந்தமருதில் சுமையா என்ற பிள்ளையை அவனுக்குப் பேசினோம். நல்ல பிள்ளை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வேளாண்மை வெட்டு முடிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது நம் வழக்கமல்லவா? அவனைப் பிடித்த பயமே அதுதான். எழும்பிய பிறகு பாயில் கிடக்கும் செதிளை நம் வீட்டில் அவனே கூட்டிவிடுவான். மாமியார் வீட்டுப் புது மெத்தையில் என்ன செய்வது?

அவனாகவே கிளினிக்குக்குப் போனான். தோல் டொக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். விற்றமின் டி போன்ற மருந்தாம். திட்டுகளில் மட்டும் மெல்லிசாகப் பூச வேண்டும், முகத்தில் படக்கூடாது, பூசியதும் கை கழுவ வேண்டும், குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சில கிழமைகள் போனதும் செதிள் அடங்கியது, வாப்பா. அரைக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். உம்மா அழுதுவிட்டா.

அங்கேயே நின்றிருக்கலாம். நிக்காஹ் நெருங்க நெருங்க அவனுக்குப் பொறுமை போய்விட்டது. கிளினிக்கில் கொடுத்தது போதாதென்று வேறு வேறு பாமசிகளில் டியூப் டியூப்பாக வாங்கியிருக்கிறான். உடம்பு முழுக்க அள்ளி அப்பி, மருந்து நன்றாக இறங்கட்டும் என்று மேலே பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு அறைக் கதவைப் பூட்டியிருக்கிறான். போதாததற்கு உம்மாவின் முழங்கால் வலிக்குக் கொடுத்த கல்சியம் குளிசைகளையும் எடுத்து விழுங்கியிருக்கிறான். விற்றமின்தானே, கூடினால் நல்லதுதானே என்பது அவன் கணக்கு. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். அடிக்கடி சிறுநீருக்கு ஓடினான். சோறு பிடிக்கவில்லை, சத்தி எடுத்தான். கல்யாணக் கலக்கம் என்று உம்மா சிரித்தா. ஒரு ஜும்ஆ நாள் தொழுகைக்குப் போகாமல் சுருண்டு கிடந்தான். எழுப்பினேன். கண்ணைப் பாதி திறந்து என்னையே பார்த்தான்.

"ராத்தா, வாப்பா இன்னும் பள்ளியால வரல்லியா?"

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

இரத்தத்தில் கல்சியம் மிகக் கூடியிருந்தது. வார்ட்டில் இருந்த டொக்டர் தம்பிலுவில் பக்கத்துப் பெண். முதலில் அவருக்கும் காரணம் பிடிபடவில்லை. அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவர் என்ன மருந்து பாவிக்கிறவர்?"

"குடிக்கிற மருந்து ஒண்டும் இல்ல டொக்டர். பூசுற மருந்து மட்டுந்தான்."

"பூசுற மருந்தும் மருந்துதான். எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அவன் அறையைத் திறந்தேன். கட்டிலுக்கடியில் வெறும் டியூப்கள், குளிசை மட்டைகள், களிம்பு ஒட்டிய பொலித்தீன். ஒரு பையில் வாரிக்கொண்டு போனேன். டொக்டர் வெறும் டியூப்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். களிம்பையும் குளிசையையும் நிறுத்தினார். சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், கல்சியம் இறங்கியது. அவன் தெளிந்தான்.

தெளிந்தவனிடம் டொக்டர் சொன்னார்: "தம்பி, அளவாப் பூசினா இது நல்ல மருந்து. நீங்க பூசினது தோலுக்குள்ளால ரத்தத்துக்குப் போயிற்று. பொலித்தீன் சுத்தினா இன்னும் கூடப் போகும். அதுக்கு மேல கல்சியமும் விழுங்கினா உடம்பு எப்படித் தாங்கும்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சுமையாவின் வாப்பா தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். இர்ஷாத் எழுந்து உட்கார்ந்து, தானே சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான். "மாமா, இதான் என்ட வருத்தம். வாப்பாக்கும் இரிந்த" என்றான். அவர் முகம் இருண்டுவிட்டது. "முன்னமே செல்லியிரிக்கலாம் மகன்" என்று மட்டும் சொன்னார். நிக்காஹைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நாள் குறிக்கவில்லை.

சுமையா மச்சி என்று உறவுமுறை சொல்லித்தான் என்னோடு ஃபோனில் கதைத்தாள். அழுதிருந்த குரல். "மச்சி, அந்த வருத்தத்தப் பத்தி நான் கூகுள்ல எல்லாம் பாத்திட்டன். அதுக்கு நான் பயமில்ல. எனக்கிட்ட ஒரு வார்த்தை செல்லாம இப்பிடிச் செய்வாரெண்டா, நாளைக்கு எதை எதையெல்லாம் மறைப்பாரோ? அதுதான் பயமாயிரிக்கி."

வாப்பா, நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது வேறொரு கவலை. இர்ஷாத் எந்த மருந்தையும் தொட மாட்டேன் என்கிறான். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாம் என்று கிளினிக்கில் சொல்லியும் டியூப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். திட்டுகள் பழையபடி தடிக்கின்றன. கடைக்கு மீண்டும் முழுக்கைச் சேட்டு. "வாப்பா இதோடதானே வாழ்ந்தார்" என்றான் நேற்று. அப்படி வாழ்ந்தது எவ்வளவு தனிமை என்று உங்களைத் தவிர யார் அவனுக்குச் சொல்ல முடியும்?

இன்னொன்று இருக்கிறது. இதை உம்மாவுக்கும் என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். என் பிடரியில், முடிக்கு அடியில், ஒரு திட்டு வந்திருக்கிறது. சொறிந்தால் செதிள் உதிர்கிறது. முந்தானை மூடிக்கொள்வதால் யாருக்கும் தெரியாது. பொடுகு என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருகிற கிழமை கிளினிக். தம்பியை நான் கூட்டிக்கொண்டு போவேன். அவன் வர மறுத்தால், "எனக்குத் துணைக்கு வாடா" என்பேன். டொக்டருக்கு முன்னால், அவன் பார்த்திருக்க, முந்தானையை விலக்கி என் பிடரியைக் காட்டுவேன். கொடுக்கிற மருந்தைச் சொல்கிற அளவில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூசுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, வாப்பா. எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.

உங்கள் தோலையும் கொண்டு பிறந்த மூத்த மகள்,
ஹஸீனா