மாப்பிள்ளை எழுதிய ஒரு வரி

மார்ச் 3, செவ்வாய்

ஒரே நிரலுக்குள் தனித்தனி வேலை பார்க்கும் இழைகள், அந்தத் திரெட்டுகள் எல்லாம் இன்று சேர்ந்து ஓடின. கைதட்டத்தான் ஆளில்லை. இதுவரை நம் ஒர்க்ஸ்டேஷன் இன்னொரு மெஷினிடம் ஒரு வேலை சொன்னால், பதில் வரும்வரை திரை உறைந்து நிற்கும். இனி ஒரு திரெட் பதிலுக்குக் காத்திருக்கும், மற்றவை தம் வேலையைப் பார்க்கும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரெட் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் நான் கட்டியது. அதனால் ஒரே கட்டுப்பாடு: டேட்டாவை அதற்கென்று நான் எழுதிய ரொட்டீன் வழியாகத்தான் படிக்க வேண்டும். யாராவது நேரடியாகச் சிஸ்டத்திடம் கேட்டால் மொத்த நிரலும் தூங்கிவிடும்.

இதை வாங்கப்போகும் துறைமுகத்துக்காரர்களுக்கு டெமோ நன்றாக அமைந்தால் டீம் பொறுப்பு எனக்குத்தான் என்றார் மேனேஜர்.

மார்ச் 9, திங்கள்

திரைப் பகுதியை எழுதுவது மாப்பிள்ளை. தங்கச்சி வீட்டுக்காரர். இங்கே சேர்த்துவிட்டதே நான்தான், யாரை நொந்து என்ன பயன்? கட்டுப்பாட்டை மறுபடி சொன்னேன். "மச்சான், எனக்குப் பாடம் எடுக்காதீங்க." மாப்பிள்ளை முறுக்கு ஆபீஸிலுமா!

மார்ச் 17, செவ்வாய்

டெமோ. கப்பல்கள் வரைபடத்தில் அழகாக நகர்ந்தன. தகவல் தர வேண்டிய இன்னொரு மெஷின் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தது — அவ்வளவுதான், எந்தப் பட்டனும் அசையவில்லை.

"இதுக்குத்தானா ஒரு வருஷம்?" மேனேஜர், அவர்கள் எதிரிலேயே.

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். திரெட்லதான் ஏதோ..." என்றார் மாப்பிள்ளை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 18

பிடித்துவிட்டேன். மாப்பிள்ளை எழுதிய நிரலில் ஒரே வரி, என் ரொட்டீனை விட்டுவிட்டு நேரடியாகச் சிஸ்டத்திடம் படிக்கிறது. காட்டினேன். முகம் வெளிறிவிட்டது. "வெளியே அனுப்பிடுவாங்க மச்சான். அவளுக்கு இது ஏழாவது மாசம் வேற." அவளை ஏன் இழுக்கிறான்? என் தங்கச்சிய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?

மார்ச் 19

அம்மா போன் செய்தாள். மாப்பிள்ளை அதற்குள் அவளிடம் சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளைக்கு வேலை போச்சுன்னா அவ கதி என்னடா? நீ எப்படியும் சமாளிச்சுக்குவ."

சமாளிக்கிறவன் தலையிலதானே எல்லாத்தையும் கட்டுவீங்க.

மார்ச் 20

"காரணம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் மேனேஜர். வாய் வரைக்கும் வந்தது.

"இன்னும் இல்ல சார்."

மார்ச் 27, வெள்ளி

திரெட்டே வேண்டாமாம். இன்னொரு மெஷினைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் தனி ப்ராசஸ், அதாவது தனி நிரலே ஓடட்டும் என்று முடிவு. நான் எழுதியதை முழுக்க எடுத்தாயிற்று. புது வேலை மாப்பிள்ளை பொறுப்பில், நான் அவருக்கு உதவி. வயிறு எரிகிறது. வாயை மூடிக்கொண்டது நான்தான், அதற்காக எரியக் கூடாதா?

ஏப்ரல் 5, ஞாயிறு

தங்கச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, உன்னை வேலைய விட்டே தூக்க இருந்தாங்களாமே? இவர்தான் மேனேஜர் கால்ல விழாத குறையா பேசி நிறுத்தினாராம். நீ ஒரு வார்த்தை நன்றிகூட சொல்லலையாமே?"

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. புருஷனை நினைத்து அவ்வளவு பெருமை.

ஹாலுக்குப் போனேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தேங்க்ஸ் மாப்பிள்ளை" என்றேன்.

"நமக்குள்ள என்ன மச்சான்" என்றார்.