துளையில்லாத துப்பாக்கி

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க மை கேட்டு வந்தாள். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த என் மை டப்பாவைத் திறந்தேன். மையின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. உங்கள் விரல் பதிந்த பள்ளமும் அப்படியே இருந்தது. "தீர்ந்துபோச்சும்மா" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் நீங்கள் செய்தது விசை மட்டும். விரல் வைத்து இழுக்கும் அந்தச் சின்ன வளைவு. குழாய் ஒரு கூடத்தில், கட்டை இன்னொரு கூடத்தில், எல்லாம் சேர்வது வேறெங்கோ. ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்து, "முழுசா ஒண்ணு என் கையில முடிஞ்சதே இல்ல" என்றீர்கள். நம் மகன் அதை மனத்தில் வைத்துக்கொண்டான். வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் அந்தக் காலத்துத் துப்பாக்கி, பாகம் பாகமாக ஒரு பெட்டியில் வந்து இறங்கியது. குழாயில் துளை கிடையாது, கனத்த இரும்புத் தண்டுதான். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், அவ்வளவே. ஆனாலும் பின்னால் வம்பு வேண்டாம் என்று காவல் நிலையத்துக்கே எடுத்துப்போய்க் காட்டினீர்கள். சுடுமா என்று கேட்டவரிடம், "ஊதினாக்கூடக் காத்து போகாதுங்க" என்றீர்களாம். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனி இளகாது என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். தூசியே ஆகாது என்றார். நீங்களோ என் பழைய புடவைத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மரம் செதுக்க உட்கார்ந்தீர்கள். நான் சண்டை போட்டேன், இரண்டு வேளை சமைக்காமலும் இருந்து பார்த்தேன். "எப்படியும் போகத்தான் போறேன். இதை முடிச்சிட்டுப் போறேன்" என்றீர்கள். நான் போய் உலை வைத்தேன்.

விசையோடு சேர்ந்து இயங்கும் இரும்புப் பொறி, மரக்கட்டைக்குள் இம்மியும் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். பொறியில் என் மையைத் தடவி, கட்டையில் அழுத்தி எடுப்பீர்கள். கறுப்பு ஒட்டிய இடம்தான் மேடு, அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். என் கண்ணுக்கு இட்டதைவிட அந்தக் கட்டைக்குப் போன மைதான் அதிகம். "ஆடாம பிடி" என்று என்னையும் உட்கார வைத்தீர்கள். சுரண்டிய தூளை நான்தான் ஊதினேன். ஊதுவதற்கு உங்களிடம் மூச்சு இல்லை.

கட்டைக்கு எண்ணெய் தேய்த்து முடிக்கையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இனிக் குழாய்க்கு நிறம் ஏற்ற வேண்டும் என்றீர்கள். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருவேற்றினால் நல்ல பழுப்பு வருமாம். வாழ்நாளெல்லாம் துருவோடு மல்லுக்கட்டிய மனிதர், மருந்து நீர் தடவிய குழாயைக் குளியலறையில் கட்டித் தொங்கவிட்டீர்கள். ஈரம் வேண்டும் என்று அடியில் ஒரு வாளி வெந்நீர் வேறு. நான் அதற்கு ஒதுங்கி நின்று குளித்தேன். "துரு தானா நிக்காது. சோடா மாவு கலந்த கொதிநீரை ஊத்தி, துடைச்சு, எண்ணெய் போட்டாத்தான் நிக்கும்" என்பீர்கள். கடைசிப் பூச்சு பூசிய அன்று, "காலையில துடைச்சிட்டா முடிஞ்சது" என்றீர்கள். காலையில் உங்களால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் கே.கே. நகரிலிருந்து மகன் காரோடு ஓடிவந்தான்.

மருத்துவமனையில் தொண்டைக்குள் டியூப் போட்டார்கள். பேச்சு நின்றது. ஆனால் உங்கள் வலது கட்டைவிரல் ஓயவில்லை. படுக்கை விரிப்பை நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே இருந்தது. முகம் துடைக்கச் சொல்கிறீர்கள் என்று முகத்தைத் துடைத்தேன். இல்லை என்று தலையை அசைத்தீர்கள். கையைத் துடைத்தேன், காலைத் துடைத்தேன், அதற்கும் இல்லை. "அரிக்குது போலங்க" என்றாள் நர்ஸ். "அப்பா எழுதக் கேக்கறாரோ" என்று மகன் பேனாவைத் திணித்தான், அது நழுவியது. கடைசியில் எனக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து, அந்த விரலுக்கு அடியில் என் கையை வைத்தேன். நீங்கள் அதை ஒதுக்கிவிட்டு விரிப்பையே தேய்த்தீர்கள். மறுநாள் விரல் நின்றது.

உங்களை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். துப்பாக்கிக் குழாய் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. துரு பொரிந்து செதில் செதிலாக எழும்பி, தரையெல்லாம் செம்மண் கரைத்த தண்ணீராகச் சொட்டியிருந்தது. உங்கள் விரல் எதைத் துடைக்கச் சொன்னது என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே வந்து நான் அழவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்தது கோபம். இத்தனை வருஷம் கூட இருந்த என்னிடம் போகும்போது கேட்டது ஒரு இரும்பைப் பற்றியா?

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானதும் நான்தான் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். சோடா மாவைக் கலந்து ஊற்றினேன். துடைத்தேன், எண்ணெய் போட்டேன். துரு நின்றது. ஆனால் குழாய் நெடுக அம்மைத் தழும்பு போல் குழிகள், அவை போகவே இல்லை. மகன் திருகாணிகளை முடுக்க, நான் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பொறி கட்டைக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. முழுசா ஒன்று முடிந்துவிட்டது, உங்கள் கையில் இல்லை. அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கொள்ளிடத்து ஈரக்காற்றுக்கு அடிக்கடி எண்ணெய் காட்ட வேண்டியிருக்கிறது. திட்டிக்கொண்டேதான் காட்டுகிறேன்.

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கட்டைவிரல் முன்சீட்டுக் கம்பியை நீளவாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, அழுக்கா இருக்குங்களா?" என்றாள்.

"துடைச்சாச்சு" என்றேன். அவளுக்குச் சொன்னதல்ல.