பதினொன்றுக்கும் நாலுக்கும்

ஏப்ரல் 4, வெள்ளி

துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனால், துணி காய்ந்துவிட்டது. மணி எட்டரைதான். சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. ஏப்ரலுக்கே இப்படி. மே மாதம் எப்படி இருக்குமோ?

கரண்ட் ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும். பஸ் இனி வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வந்து போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். வெறும் வீட்டில் வாய்விட்டுப் பேசிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் கூட்டம். கட்டடத்திலேயே கொஞ்சம் குளுமையான இடம் அதுதான். ஓடாத கார்களை ஒரு ஓரமாகத் தள்ளி, பாய் விரித்து, தண்ணீர் டிரம் வைத்திருக்கிறோம். கூட்டியவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் ரிப்பேர் அவர் தொழில். லிஃப்ட் நின்று எட்டு மாதம் ஆகிறது, எனவே மனிதர்களை ரிப்பேர் செய்யக் கிளம்பிவிட்டார்.

முதலில் பெட்ரோல். யாரிடமாவது மிச்சம் இருந்தால் பொதுக் கேனில் ஊற்றச் சொன்னார். ஆம்புலன்ஸை நம்ப முடியாது, தன் வேன் காலி டேங்கோடு நிற்கிறது, ஓர் அவசரத்துக்காவது ஆகும் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சொட்டுகூட இல்லை என்று முப்பத்திரண்டு வீடும் சொன்னது. நானும் சொன்னேன்.

என் சமையலறையில், சிங்குக்குக் கீழே, இரண்டு லிட்டர் இருக்கிறது.

அடுத்தது கதவு. தனியாக இருப்பவர்கள் ஒன்பது பேர். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் ஒருவர் போய்த் தட்டி, ஆளைப் பார்த்துவிட்டு வந்து, முன்படி ஓரம் தொங்கும் நோட்டில் டிக் போட வேண்டும். யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது மூன்றாவது மாடி, கடைசி வீடு. என் நாத்தனார். அந்தச் சீட்டுதானா என் கைக்கு வர வேண்டும்?

மாற்றித் தரச் சொன்னேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்று லிஃப்ட்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஏப்ரல் 5

பின்படி வழியாகப் போனேன். முன்படியில் போனால் ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள்.

தட்டினேன். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "உயிரோடதான் இருக்கேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் குரலில் இருந்த காரத்துக்கு டாக்டர் சர்டிபிகேட்டே கொடுக்கலாம்.

ஏப்ரல் 13

எட்டு நாளாக அதே பதில். கதவும் திறக்கவில்லை.

போன வருஷம் ஜூனில் என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயை மாட்டப் போனார். பத்து மணி வெயில்தான். பதினொன்றரைக்கு நான் போய்ப் பார்த்தபோது தொட்டி நிழலில் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸுக்கு டீசல் இல்லை என்றார்கள். அந்த வாரம் எங்கள் பெட்ரோல் பங்கிலும் வறட்சி. இருபத்திரண்டு வருஷம் அங்கே கேஷியர் நான். கட்டடத்தில் இன்னும் எனக்குப் பங்க் அக்கா என்றுதான் பெயர்.

அவரைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்போது எல்லார் முன்னாலும் நாத்தனார் கேட்டார். "இருபத்திரண்டு வருஷம் பெட்ரோலுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. என் தம்பிக்குன்னு ஒரு கேன் எடுத்து வைக்கத் தோணலையே உனக்கு."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பங்க்கை நிரந்தரமாக மூடிய அன்று குழாயில் நின்ற கடைசிப் பெட்ரோலைக் கேனில் பிடித்து, துணியால் மூடி எடுத்து வந்துவிட்டேன். மகளுக்கு ஒன்று என்றால் யாருடைய வண்டியிலாவது ஊற்றிக் கிளம்பலாம். அவளுக்குக்கூட இது தெரியாது.

மே 6

நாற்பத்தைந்து டிகிரி.

என் மூக்குக்கு ஓய்வு இல்லை. இரண்டாவது மாடிக் கணக்கு வாத்தியார் வீட்டைத் தாண்டும்போது பெட்ரோல் வாசனை. முதல் மாடித் தையல்காரம்மா வீட்டு ஜன்னலில் லேசாக. நாலாவது மாடியில் இரண்டு வீடு. அன்றைக்குச் சொட்டுகூட இல்லை என்று தலையை ஆட்டியவர்கள்தான். பாட்டிலிலும் பக்கெட்டிலும் வைத்திருப்பார்களோ? இந்த வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில்?

பங்க்கில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே ஆவியைப் பற்றித்தான். பெட்ரோலை விட அதன் ஆவிக்குத்தான் பயப்பட வேண்டும் என்பார்கள். நான் ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். திறந்தால் என் சிங்குக்குக் கீழேயும் பார்ப்பார்களே. கேனைக் குளியலறைக்கு மாற்றி ஈரச் சாக்குப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். சாக்கு காய்ந்து காய்ந்து போகிறது.

மே 12

அடுத்த தெருவில் நாலு பேர். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். எல்லாரும் தனியாக இருந்தவர்கள்.

மே 17

கட்டடமே பகலெல்லாம் பார்க்கிங்கில்தான் கிடக்கிறது. சண்டை, சீட்டாட்டம், குறட்டை எல்லாம் அங்கேதான். நாத்தனார் மட்டும் வருவதில்லை. ஏன் என்று தையல்காரம்மா கேட்டிருக்கிறார். "அவ இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று பதில் வந்ததாம்.

நான்தான் காரணமா? நான் மேலே என் வீட்டில் வெந்துகொண்டு கிடந்தால் அவர் கீழே வருவாரா? கிடக்கலாமா? முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் விழுந்து கிடந்த அந்த நிழல் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மே 20

நாற்பத்தேழு.

பதினொன்றுக்குத் தட்டியபோது முதல் தடவையாகக் கதவு ஒரு சாண் திறந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. தண்ணீர் இருக்கா அண்ணி என்று கேட்டேன். என் கையையே பார்த்தார். "நீ மாடியேறி வர்றது எனக்காகவா, அந்த நோட்டுக்காகவா?"

ஒரு வருஷம் கழித்து அவரிடம் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் பதில். விறுவிறு என்று இறங்கி வந்துவிட்டேன். நோட்டுக்காகத்தான். ஆமாம், நோட்டுக்காகத்தான். வேற எதுக்கு வரணும் நான்? என்ன செஞ்சுட்டாங்க எனக்கு?

நாலு மணிக்குப் போகவில்லை. டிக் மட்டும் போட்டேன்.

மே 21

இரண்டு வேளையும் டிக். போகவில்லை. மனசு குறுகுறுக்கிறது. ஒரு நாள் தட்டாவிட்டால் என்ன, பச்சைக் குழந்தையா?

மே 22

இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பத்தரைக்குப் பார்க்கிங்கில் லிஃப்ட்காரர் நோட்டை விரித்துக் காட்டினார். ஒன்றரை மாதத்தில் ஒரு கதவுகூட விட்டுப்போகவில்லை என்று அவருக்கு வாயெல்லாம் பல். எல்லாரும் கைதட்டினார்கள். என் மூன்று டிக்கும் மற்ற டிக்குகளோடு வரிசையாக, ஒரே மாதிரி நின்றன. எழுந்து பின்படியில் ஓடினேன்.

தட்டினேன். பதில் இல்லை. உள்ளங்கையால் அறைந்தேன். அந்த "உயிரோடதான் இருக்கேன்" வரவில்லை. என் கத்தல் கேட்டு லிஃப்ட்காரர் சுத்தியலோடு வந்து பூட்டை உடைத்தார். குளியலறை வாசலில் கிடந்தார் நாத்தனார். தோல் காய்ந்து, அடுப்புக் கல் மாதிரி சுட்டது. கண் பாதி திறந்திருந்தது. தம்பி தம்பி என்று ஏதோ முனகினார். இவரைத்தான்.

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் கீழே இறக்கினோம். ஈரத் துணி சுற்றி, ஆளுக்கு ஒரு அட்டையால் விசிறினோம். மகளுக்குப் போன் கிடைத்தது. அத்தை கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டாள். லிஃப்ட்காரர் நோட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், நேற்று நாலு மணிக்கு அக்கா பார்த்திருக்கிறார் என்று. போன் என் கைக்கு வந்தது.

"அம்மா, நாலு மணிக்கு அத்தை தெளிவாப் பேசினாங்களா? அதை வெச்சுத்தான் இங்க கொண்டு வரணுமா, அங்கேயே பார்த்துக்கலாமான்னு நான் சொல்ல முடியும்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நான் போகலடி. முந்தாநாள் காலையிலதான் பார்த்தேன். மூணு தடவையும் போகாமயே டிக் போட்டுட்டேன்."

விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றுவிட்டன. மகள் நர்ஸ் குரலில், அப்படியானால் சிறுநீரகம் போயிருக்கலாம், உடனே கொண்டு வா, எப்படியாவது கொண்டு வா என்றாள். மூன்று கிலோமீட்டர். வண்டிக்கு எங்கே போவது என்று லிஃப்ட்காரர் தலையில் கை வைத்தார்.

நான் மேலே போய்க் கேனை எடுத்து வந்தேன். ஈரச் சாக்கோடு. வேன் டேங்கில் நானே ஊற்றினேன். ஏழு மாதம் கிடந்த பெட்ரோல், பிடிக்குமோ பிடிக்காதோ? நாலாவது தடவை பிடித்தது.

வேனில் யாராவது ஒருவர் நாத்தனார் தலையைத் தாங்க வேண்டியிருந்தது. என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 23

பிழைத்திருக்கிறார். நேற்று முன்தினம் சாயங்காலமே விழுந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். சாயங்காலம் என்றால் நாலு மணியா?

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 24

பார்க்கிங்குக்குப் போக உடம்பெல்லாம் கூசியது. போய்த்தானே ஆக வேண்டும்.

வேனுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பாட்டில்கள். எண்ணெய்ப் பாட்டில், ஜூஸ் பாட்டில், ஒரு பெயின்ட் டப்பா. பதினொன்று. எல்லாவற்றிலும் பெட்ரோல். காலையில் வந்து பார்த்தபோதே இருந்தன என்று லிஃப்ட்காரர் சொன்னார். வைத்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாதாம். எது எந்த வீடு என்று என் மூக்குக்குத் தெரியும். சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் இரும்புக் கேனில் மாற்றி, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சுவிட்சும் இல்லாத மூலையில் வைக்கச் சொன்னேன். அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. நான் சொன்னபடி வைத்தார்கள்.

பிறகு லிஃப்ட்காரர் நோட்டைக் கிழிக்கப்போனார். வேண்டாம் தம்பி, டிக் போடுவதை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். கதவைத் தட்டுகிறவர் நோட்டை எடுத்துப் போகட்டும், கதவைத் திறக்கிறவர் கையெழுத்துப் போடட்டும். பொய் சொல்லத் தெரிந்தவளின் யோசனை என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு வந்தது. எனக்கும்தான்.

ஜூன் 1

நாற்பத்தெட்டு. ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் போய்விட்டார். அவர் தனியாக இல்லை, மகனும் மருமகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். அப்படியும் போய்விட்டார். தட்டினால் மட்டும் போதாதோ? தெரியவில்லை. சமையலறையில் சிங்குக்குக் கீழே காலியாக இருக்கிறது. என் மகளுக்கு என்று இனி என்னிடம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அங்கே குனிந்து பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 9

நாத்தனாரைப் பொதுப் பெட்ரோலில் கூட்டி வந்தோம். பாதி ஆளாகிவிட்டார். வேனை விட்டு இறங்கியதும் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் மகள் அங்கேயே சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு வெறும் டிக் போட்டதையும், கேனையும்.

நாத்தனார் நான் விரித்த பாயில் வந்து படுத்துக்கொண்டார். பகல் முழுக்கப் பார்க்கிங்கில், எனக்கு நாலடி தள்ளி. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஜூன் 11

கூட்டத்தில் லிஃப்ட்காரர் பெயர்களைப் படித்தார். ஒன்பது பேர் தனி என்றார், நாத்தனாரையும் சேர்த்து. நாத்தனார் படுத்தபடியே கை தூக்கினார்.

"இவளும் தனியாத்தானே கிடக்கறா. மக எங்க வர்றா? இவ கதவை யாரு தட்டறது?"

மகள் பெயர் வீட்டுக் கணக்கில் இருப்பதால் என்னை யாரும் தனி என்று நினைக்கவில்லை. நானே நினைக்கவில்லை. யார் தட்டுவது என்று லிஃப்ட்காரர் சீட்டை எடுத்தார். சீட்டு வேண்டாம், நான் தட்டுகிறேன் என்றார் நாத்தனார். மூன்று மாடி ஏறி இறங்க உங்களால் ஆகாது என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். எப்படியும் பார்க்கிங்குக்கு இறங்கத்தானே வேண்டும், முதல் மாடியில் இவள் வீடு போகிற வழியில்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 16

காலையிலேயே தண்ணீர் டிரம் நிரப்பும் முறை என்னுடையது. முடிய நேரமாகிவிட்டது. பதினொன்று ஆகிவிட்டதே என்று பார்க்கிங்கிலிருந்து பின்படியில் நேரே மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. போச்சு. இன்னைக்கும் லேட்டா வந்துட்டேன். ஐயோ, இன்னைக்குமா? லிஃப்ட்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்படிப் பக்கம் செருப்புச் சத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம். இன்னொரு படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நாத்தனார் ஏறி வந்தார். புடவை வேர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? உன் கதவை மூணு தடவை தட்டிட்டேன். சத்தமே இல்ல. பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிடலாம்னு கீழே போனா, நீ பின்படியில மேலே ஏறினதாச் சொல்றாங்க. பயந்தே போயிட்டேன்."

நானும்தான் அண்ணி என்றேன்.

சுவரைப் பிடித்து மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து, என் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் அவர் போட்டார். மணி பதினொன்று இருபது.