எருமை டூட்டிக்குப் போன கதை

என் பிரியமான லட்சுமி அண்ணிக்கு,

நம் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் படம் போட்டு, நான் வரி எழுதி, சாப்பாட்டு மேசையில் சிரித்துச் சிரித்துச் செய்த அந்த எருமைப் புத்தகம். புத்தகங்கள் வந்த பெட்டியை வாங்கிவைத்த அண்ணன் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். நானும் பிரிக்கச் சொல்லவில்லை.

அன்று காலையில் தலைவலி என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சில மாதங்கள் ஓடியும் எனக்கு அழுகை வரவில்லை, அண்ணி. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதே இல்லாததுபோல ஆகிவிடுமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், உங்கள் துளசிக்குத் தலை பின்னுகிறேன். இப்படியே இருந்துவிடுவேனா?

உங்கள் மகளிடம் என்ன சொல்வதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. "அம்மா டூட்டிக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டார். நீங்கள் தினமும் கம்பெனி பஸ் ஏறிப் போவதைப் பார்த்த நாலு வயதுப் பிள்ளை, அப்படியே நம்பிவிட்டது.

போன சனிக்கிழமை அவளே பெட்டியை இழுத்துக் கிழித்துவிட்டாள். "அத்த! இது எங்கம்மா போட்ட எரும!" என்று என் மடியில் வந்து உட்கார்ந்தாள். படித்தேன். எருமை கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறது. கைரேகை மெஷினில் மூக்கை வைக்கிறது, மெஷின் தும்முகிறது. கேன்டீனில் சோற்றை விட்டுவிட்டு வாழையிலையை மட்டும் தின்கிறது. துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கேட்டில் தூங்கும் செக்யூரிட்டியைப் பார்த்ததும், "ஐயோ, அப்பா!" என்று கத்தினாள். அதே மீசை, அதே தொப்பை. அங்கே நான் 'அவர் தூங்கினார்' என்று எழுதியிருந்ததை நீங்கள் அடித்தது நினைவிருக்கிறதா? "படத்துலயே தூங்கறாரே, நீ வேற எதுக்கு சொல்ற? கொழந்த தானா கண்டுபிடிச்சாதான் சிரிக்கும்" என்றீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கடைசிப் பக்கம் வந்தபோது அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார். ஷூகூடக் கழற்றவில்லை. படத்தில் சாயங்காலம், பஸ்ஸிலிருந்து எருமை இறங்குகிறது, கன்று ஓடி வருகிறது.

"எரும டூட்டி முடிஞ்சு வந்துடுச்சு. எங்கம்மா எந்த பஸ்ல வரும்?" என்றாள் துளசி.

அண்ணன் என்னைப் பார்த்தார். "வேணாம் கவிதா, சொல்லாத."

"இல்லண்ணா. நாளைக்கே இது பஸ் ஸ்டாப்புல போயி நின்னுகினு இருக்கும்."

நான் சொன்னேன், அண்ணி. "துளசி, அம்மா டூட்டிக்குப் போகல. அம்மா செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

"பஸ் இல்லியா?"

"பஸ் இருக்கு. அம்மாதான் இல்ல."

அவள் எருமையின் மேல் விரலை வைத்தாள். "எருமய மட்டும் எதுக்கு வூட்டுக்கு வுட்டாங்க?"

இதற்கு நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள் அழத் தொடங்கினாள். அண்ணன் ஷூவோடு வந்து தரையில் உட்கார்ந்து அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அவரும் அழுதார். நீங்கள் போனபிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மறுபடி படி" என்றாள். அண்ணன் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். செக்யூரிட்டி பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தி, கண்ணை மூடி, குறட்டை விட்டார். அழுத கண்ணோடு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பால் காய்ச்சப் போனேன்.

சாப்பிடும்போது, குளிக்கும்போது, இப்போதும் திடீரென்று கேட்கிறாள்: "அம்மா வருமா?" வரமாட்டாங்க என்கிறேன். தலையாட்டிவிட்டு விளையாடப் போகிறாள். மறுநாள் திரும்பவும் கேட்கிறாள்.

எத்தனை தடவை கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன், அண்ணி. எரிந்து விழமாட்டேன். அவள் கேட்டுக் கேட்டு ஓய்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
துளசியின் அத்தை,
கவிதா
ஜூஜுவாடி