ரூபியும் கண்டக்டர் விசிலும்

செம்பாக்கம்,
22-6-2025

அன்புள்ள மகள் உதயாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ரூபியும் சௌக்கியம். ஜெர்மனியில் உன் உடம்பும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று எழுது. போனில் கேட்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். "வந்துடு கண்ணு" என்று ஆரம்பித்து அழுகையில்தான் முடிக்கிறாள். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் உன் பரீட்சை. நர்ஸ் வேலைக்கான அந்த ஊர்ப் பரீட்சையில் ஒரு தடவை தோற்றதற்காக மூட்டை கட்ட வேண்டியதில்லை. செப்டம்பரில் மறுபடி எழுது. தாம்பரத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

அடுத்தது ரூபி. "இந்த வயசுல எதுக்குப்பா அடுத்தவங்க நாய்க்கு ஆயா வேலை" என்று கேட்டாய். ஆயா வேலைதான், அதற்கென்ன இப்போது? பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டப் போகும் நாய் முதல் ஒரு வருஷம் ஒரு குடும்பத்தில் வளர வேண்டும். கூட்டம், பஸ், மாடு, மேளம், பட்டாசு எல்லாம் அதற்குப் பழகிப்போக வேண்டும். ரூபி போன ஆகஸ்டில் இரண்டு மாதக் குட்டியாக வந்தாள். வரும் ஆகஸ்டில் வண்டலூருக்கு அப்பால் இருக்கும் பயிற்சி மையத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. கண்டக்டராக இருந்தபோது ஒரு நாள் வேளச்சேரி ரூட்டில் பார்வையில்லாத ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில் இருந்தது, இன்னொரு கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. லேட்டாகிறதே என்று நான் டபுள் விசில் கொடுத்து பஸ்ஸைக் கிளப்பிவிட்டேன். விழுந்து முழங்கால் கிழிந்து எழுந்தவர், "பரவால்ல சார், கெளம்புங்க" என்றார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எதிர்வீட்டு சத்யநாராயணனுக்கு இது எதுவும் தெரியாது. தெரு நலச் சங்கச் செயலாளர் அல்லவா, ஏரிக்கரை நடைபாதையில் நாய் வரக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நான் தினமும் அந்த நோட்டீஸுக்குக் கீழேதான் ரூபியைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு நடக்கத் தொடங்குகிறேன். அவள் சட்டையில் "பயிற்சியில் இருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. அது உங்களுக்கும்தான் சார் என்று சொல்லிவிட்டேன்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. நாயை நிறுத்தவும் நடக்கவைக்கவும் மையத்தில் சில வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள். எனக்கு அவை வாயில் நுழையவில்லை. இருபத்தாறு வருஷம் என் கழுத்தில் தொங்கிய விசில் அலமாரியில் சும்மா கிடந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒற்றை விசில் அடித்தால் நிற்க வேண்டும், டபுள் அடித்தால் போக வேண்டும். நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். எந்த டிரைவரும் என் விசிலுக்கு இவ்வளவு சுத்தமாகக் கட்டுப்பட்டதில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

போன வாரம் மையத்திலிருந்து பயிற்சியாளர் டெபோரா வந்தாள். உன் வயதுப் பெண். மூவருமாகக் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். ஒரு பஸ் கிளம்பியது. அதன் கண்டக்டர் டபுள் விசில் அடித்ததும் ரூபி விறுவிறுவென்று ரோட்டில் இறங்கிவிட்டாள். டெபோரா வாரை இழுத்துப் பிடித்திராவிட்டால் பின்னால் வந்த தண்ணீர் லாரிக்கு அடியில் போயிருப்பாள். "சார், இத யாரு சொல்லிக் குடுத்தது" என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான்தான் என்று கையைத் தூக்கினேன். ஒரு பார்வையில்லாதவர் அவளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடியும் என் விசிலே ஒருவரைத் தள்ளிவிட்டிருக்கும்.

டெபோரா எட்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் ரூபி விசிலை மறக்காவிட்டால் வழிகாட்டும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேனா இல்லையா பார்.

உன் அப்பா,
சேட்டு


செம்பாக்கம்,
13-7-2025

அன்பு மகள் உதயாவுக்கு,

ஆசீர்வாதம். ஆனாலும் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்ச்சி பெறாத நாயை வளர்த்தவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா நேற்று போனில் சொன்னதும், "அப்போ ஃபெயில் ஆவட்டுமேப்பா, உங்களுக்குத் துணையா இருக்கும்" என்றாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவும் அதையே காலையிலும் மாலையிலும் ஓதுகிறாள். வாராவாரம் மையத்துக்கு எழுதும் பாரத்தில் "விசிலுக்கு ஓடுகிறது" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதுமாம். நாய் வீட்டுக்குள் வந்தால் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று குதித்தவள் இவள்தான். இப்போது எனக்குத் தெரியாமல் அதற்குத் தயிர்சாதம் ஊட்டுகிறாள், அதுவும் கூடாது என்று மையத்தில் சொல்லியிருந்தும்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? காலையில் கண் விழித்தால் என் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளில்லாத வாசலை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் எங்கேயோ கம்பைத் தட்டிக்கொண்டு இவளுக்காகக் காத்திருக்கிறார். எனக்குப் பொழுது போகவில்லை என்பதற்காக அவருக்கு வழிகாட்ட வேண்டியவளை நான் வீட்டில் கட்டிப்போடுவதா? தலைகீழாக நின்றாலும் என்னால் முடியாது. துணைதான் வேண்டுமென்றால் சத்யநாராயணனோடு சண்டை போட்டுக்கொள்கிறேன்.

என் விசிலை டெபோராவிடமே கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ரூபியை மேற்குத் தாம்பரம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே விசிலுக்குப் பஞ்சமா? வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நிற்க வேண்டும். விசில் கேட்டும் அவள் அசையாமல் நின்றால் ஒரு உருண்டைத் தீனி, துள்ளினால் ஒன்றும் கிடையாது. முதல் வாரம் ஒவ்வொரு விசிலுக்கும் துள்ளினாள். அதைவிடக் கேவலம், டபுள் விசில் கேட்டால் என் காலும் அவளோடு சேர்ந்து கிளம்பியது. கூட வேலை பார்த்த ஒருவன், "இன்னா சேட்டண்ணே, ரிட்டையர் ஆயும் நாய்க்கு டூட்டி பாத்துகினு கீற" என்று கிண்டலடித்தான். ஆமாம், பார்க்கிறேன், உன் டூட்டியை நீ பார் என்றேன். நேற்று காலை முழுக்க இரண்டே தடவைதான் துள்ளினாள்.

ஒன்று கேட்கிறேன். உன் மகள் ஃபெயில் ஆகட்டும், வீட்டோடு வந்து துணைக்கு இருக்கட்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால் அவனை நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்து படி.

உன் அப்பா,
சேட்டு


செம்பாக்கம்,
24-8-2025

என் உதயாவுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். போனில் அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை அழுதிருப்பாள். முழுவதையும் நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை கேம்ப் ரோட்டில், அதே பஸ் ஸ்டாப்பில் சோதனை வைத்தார்கள். டெபோரா கண்ணைக் கட்டிக்கொண்டு ரூபியின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பாதுகாப்புக்கு மையத்து ஆள் ஒருவர் கூடவே நடந்தார். நானும் அம்மாவும் இளநீர் வண்டிக்குப் பின்னால் ரூபியின் கண்ணில் படாமல் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பஸ்கள் வந்து போயின. மூன்று கண்டக்டர்களும் விசில் அடித்தார்கள். ரூபி யாருக்கோ வந்த விருந்து மாதிரி நின்றாள். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

முடியவில்லை. டெபோரா காலையிலேயே என் கையில் ஒரு கவரைக் கொடுத்து, அந்த மையத்து ஆள் கையைத் தூக்கும்போது பிரிக்கச் சொல்லியிருந்தாள். அவர் கையைத் தூக்கினார். கவருக்குள் என் பழைய விசிலும், "டபுள் விசில் அடிங்க சார்" என்று ஒரு சீட்டும் இருந்தன. ஊரெல்லாம் அடிக்கும் விசில் வேறு, வளர்த்தவன் அடிக்கும் விசில் வேறு. அதற்கும் திரும்பக் கூடாதாம்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பலமா ஊதுய்யா, அது திரும்பட்டும், நம்ம வூட்லயே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். மெதுவாக ஊதினால் ரூபி நிச்சயம் தேறிவிடுவாள் என்றும் எனக்குத் தோன்றியது. இரண்டுமே திருட்டுத்தனம். இருபத்தாறு வருஷம் நெரிசலான பஸ்ஸில் டிரைவர் காதுக்கு எட்டும்படி எப்படி ஊதினேனோ அப்படியே டபுள் விசில் ஊதினேன். கூடவே என் உசுரும் போனது போல இருந்தது.

ரூபியின் இரண்டு காதும் நிமிர்ந்தன. வால் ஒரே ஒரு தடவை ஆடியது. நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, சத்தியமாகத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் தலையைத் திருப்பவில்லை, ரோட்டிலும் இறங்கவில்லை. சிக்னல் விழுந்து வண்டிகள் நின்றதும் டெபோரா சொல்ல, அவளைக் கூட்டிக்கொண்டு நேராக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். நான் நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். இளநீர்க்காரர் கேட்காமலேயே ஒரு காயை வெட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து அவளை அழைத்துப் போனது. அம்மா இன்னும் அவளுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவில்லை. சத்யநாராயணன் வந்து, "ஒரு வழியா போச்சா" என்று விசாரித்தார். அடுத்த குட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டேன், நோட்டீஸைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், குட்டிக்குப் படிக்க வசதியாக இருக்கும் என்றேன். இதைக் கேட்டு அம்மா சிரித்தாள். மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தாள்.

உனக்குப் பரீட்சை இன்னும் மூன்று வாரத்தில். அம்மா தினமும் கூப்பிடுவாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. என் வாயும் சும்மா இருக்காது. மழைக்காலம் வந்து ஏரி நிரம்பி, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு நாளில் நானே போனை எடுத்து, வந்துவிடு என்று சொன்னாலும் சொல்வேன். பலமாகத்தான் சொல்வேன். உன் காது நிமிரட்டும், அது போதும் எனக்கு. தலையை மட்டும் திருப்பாதே, கண்ணு. நேராகப் போய் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிடு.

உன் அப்பா,
சேட்டு