மூளை மேல் பழி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு லோடு வண்டிக்கு ஹெட்லைட் ஒயர் மாற்றினேன். மதியம் ஒரு டாக்சிக்கு ஹாரன். இவ்வளவுதான் இன்று என்று எழுதி மூடலாம் என்றிருந்தேன். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "வேன் நின்னு போச்சுடி."

அக்கா ஓட்டுவது ஆஸ்பத்திரி வேன். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டில் ஏற்றி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை. சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு லிஃப்ட் உண்டு. அந்த வேலையைக் கேட்டு வாங்க அவள் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தது எனக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரம் ஓடி, வெயிலும் ஏறிவிட்டால் எஞ்சின் திடீரென்று அணைந்துவிடுகிறதாம். பானெட்டைத் திறந்து ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறதாம். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டைப் பற்றி என்னிடம் மூச்சுகூட விடவில்லை. கேட்டால், "நீ பிஸியா இருப்பேன்னு நெனச்சேன்" என்கிறாள். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன், கூடப் பிறந்தவள் வண்டிக்கு நேரமில்லையா எனக்கு?

"இன்னொரு தடவை ரோட்ல நின்னா வேற வேன் பாத்துக்கறோம்னு டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சொல்லிட்டார்" என்று கடைசியில்தான் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மார்ச் 5, புதன்

வேன் வந்தது. பட்டறை பம்பு அண்ணனுடையது. எஞ்சின் வேலை அவருக்கு, கரண்ட் வேலை எனக்கு. எந்த வண்டி வந்தாலும் முதலில் டீசல் பம்பைத்தான் சந்தேகப்படுவார், அதனால் அந்தப் பெயர். என் பெயர் இங்கே 'எர்த் அக்கா'. அதற்கும் காரணம் இருக்கிறது. எஞ்சினை ஆட்டிவைக்கும் ஈசிஎம் பெட்டியை இங்கே எல்லோரும் மூளை என்பார்கள். என்ன கோளாறு என்று தெரியாவிட்டால் உடனே 'மூளை போச்சு' என்று கையை விரித்துவிடுவார்கள். நான் போய்ப் பார்த்தால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும், அல்லது பாடியோடு சேர்கிற போல்ட் லூசாக இருக்கும். மூளை பாவம், அது பாட்டுக்கு நன்றாக இருக்கும். இதுவரை ஒரு மூளையைக்கூட நான் செத்ததென்று தூக்கிப் போட்டதில்லை. மற்றவர்கள் பால் ஊற்றிய மூளைகளைப் பிழைக்க வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்காவோடு அத்தானும் வந்திருந்தார். அத்தான் டெய்லர். வண்டியில் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. "மூளைதான் போயிருக்கும்" என்றார்.

"நீங்க பட்டனைப் பாருங்க அத்தான்" என்றேன்.

பம்பு அண்ணன் தலையை மட்டும் நீட்டி, "பம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரித் தட்டுக்கு அடியில் கையை விட்டேன். எர்த் போல்ட் பச்சை பூத்திருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, இறுக்கி, ஸ்டார்ட் செய்து அனுப்பினேன். "இந்தாங்க உங்க மூளை" என்று துருத் தூளை அத்தான் உள்ளங்கையில் கொட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க ஓடியதாம். எர்த், எர்த், எர்த்.

மார்ச் 8, சனி

நின்னுடுச்சு. பாலத்து மேல, மத்தியான வெயில்ல.

உள்ளே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. ரிட்டயர் ஆனவர், சக்கர நாற்காலி. டயாலிசிஸ் முடிந்து தலை தூக்க முடியாமல் வருகிறவர். இரண்டு பக்கமும் லாரி. வண்டி ஆறும் வரை அக்கா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். ஒன்னும் ஆகல. ஆனா ஆகியிருந்தா?

நான்தான சரியாயிடுச்சுன்னு அனுப்பினேன். சூடாகிற வரைக்கும் ஓட்டிப் பாத்தேனா? இல்ல. பச்சையா ஒரு போல்ட்டப் பாத்ததும் குஷியாயிட்டேன். எனக்குத் தெரிஞ்ச பதில் கெடச்சதும் கேள்வியவே மறந்துட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வேறு வேனை வைத்துக்கொள்கிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா டிரான்ஸ்போர்ட் ஆபீசருக்கே போன் போட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு என் நாற்காலியைக் கட்டற மாதிரி வேற யாரும் கட்டறதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க." பாலத்து வெயிலில் வெந்ததே அவர்தான்.

வேறு வேன் ஓடட்டும், ஆனால் இந்த மாதக் கடைசி வரை அக்காவுக்காகப் பொறுக்கிறேன் என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. அக்கா அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "சரி பண்ணியாச்சுங்கற வார்த்தையக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. ஏன் நின்னுச்சுன்னு என் கண்ணால பாக்கணும்." மனிதர் கேட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

இன்று வேனை நானே ஓட்டினேன், ஏசி இல்லாமல், ஊரைச் சுற்றிச் சுற்றி, அது நிற்கிற வரைக்கும். பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் நின்றது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு. நடுத்தெருவில் வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்டு இறங்கினவள் நானாகத்தான் இருப்பேன்.

சூடு ஆறுவதற்குள், கோளாறு எங்கே என்று படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். பெடல் சென்சார், டீசல் அழுத்தம் பார்க்கும் சென்சார், இன்னும் இரண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் செத்ததாகக் காட்டியது. நாலு பேர் ஒன்றாகச் சாக மாட்டார்கள். நாலுக்கும் சோறு போடுவது யார் என்று பார்த்தேன். மூளையிலிருந்து வரும் ஐந்து வோல்ட் லைன். மீட்டரை வைத்தால் ஒன்றரைதான் காட்டுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஆறி, எண் மெல்ல ஏறி ஐந்தில் உட்கார்ந்தது.

ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி லைனை இழுக்கலாம். மூளைதான் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடி ஓட்டி, மறுபடி நிற்கவைத்து, அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஒன்றரை. மூளையில் ஒயர்கள் செருகும் கப்ளரிலேயே அந்த ஒயரை உருவித் தனியாக்கிப் பார்த்தேன். ஒயர் சுத்தம். பெட்டியிலிருந்து நீட்டும் ஊசி முனையில் அதே ஒன்றரை.

மூளைக்குள் போகிற கரண்டும் எர்த்தும் நன்றாக இருக்கின்றனவா? மீட்டர் பொய் சொல்லும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் போதும், நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடும். அதனால் ஹெட்லைட் பல்பை மாட்டினேன். பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு கரண்ட் ஒயரிலும் எர்த்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றிலும் பளீரென்று எரிந்தது. என் வாழ்க்கையில் எர்த் நன்றாக இருந்து நான் வருத்தப்பட்டது இன்றைக்குத்தான்.

உள்ளே போவது சரி. வெளியே வருவது தப்பு. நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று.

மார்ச் 12, புதன்

மகளிடம் ஹேர் டிரையரைக் கேட்டேன். "உனக்கா? முடிய ஒட்ட வெட்டி மூணு மாசம்தான ஆச்சு, இன்னும் வளரவே இல்லையே" என்றாள். வேன் மூளைக்கு என்றதும் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் மகள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, மூளைப் பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினேன். வேறு எதற்கும் சூடு படாமல் சுற்றி ஈரச்சாக்கு. பம்பு அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஐந்து, நாலே முக்கால், மூன்று — எஞ்சின் அணைந்தது. ஐஸ் பையைத் தூக்கி பெட்டி மேல் வைத்தேன். ஐந்து. சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. மறுபடி சூடு, அணைந்தது. மறுபடி ஐஸ், வந்தது.

பம்பு அண்ணன் எழுந்து, "அப்போ பம்பு இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததைப் பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஆமாம். மூளை போய்விட்டது. நானே சொல்கிறேன். எத்தனையோ மூளைகளைக் காப்பாற்றியவள் சொல்கிறேன், சாட்சியோடு சொல்கிறேன். சொன்னபோது வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, பெருமையாக இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்து விடுதலை செய்துவிட்டல்லவா அதன் மேல் பழி போடுகிறேன்.

அத்தானிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். "மொதல் நாளே சொன்னேன்ல" என்றார்.

"வீட்ல மிக்ஸி நின்னப்பவும் மூளைன்னுதான் சொன்னீங்க" என்றாள் அக்கா. நான்கு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

மார்ச் 14, வெள்ளி

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் அதே எண்ணுள்ள மூளை கிடைத்தது. அப்படியே மாட்டினால் ஓடாது. நம் வேனின் சாவி அதற்குத் தெரியாது; திருடன் என்று நினைத்து ஒரு நொடியில் எஞ்சினை அணைத்துவிடும். பழைய மூளையில் எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே புதியதில் எழுத வேண்டும். டிவி போர்டு ரிப்பேர் செய்யும் லென்ஸ் சாரிடம் அதற்கான கருவி இருக்கிறது. பழையதை ஐஸ் பையோடு தூக்கிக்கொண்டு போனேன். பாதியில் சூடாகி நின்றுவிட்டால் எழுதியதும் போச்சு, வேனும் போச்சு.

பழையதில் இருப்பதைக் கருவி படித்து முடிக்கும் வரை பையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன். ஈரம் போர்டில் சொட்டாமல் அடியில் பிளாஸ்டிக். "ஜுரத்துக்குப் பத்துப் போடற மாதிரி இருக்கேம்மா" என்றார் லென்ஸ் சார். படித்ததும் பெட்டிக்குள் லென்ஸைக் காட்டி, பற்றவைத்த ஒரு சின்னக் கம்பிக் காலைச் சுற்றி முடி போல ஓடிய விரிசலைக் காட்டினார். சூடானால் விலகும், ஆறினால் சேரும். இவ்வளவு அலைக்கழித்தது அந்த விரிசல்தான்.

புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. ஒரு நொடி தாண்டியது. ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் நான் எதற்காக அவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் யூனிபார்ம் முழுக்க கிரீஸ் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

வெயிலில் ஓட்டினேன். முன்பு நின்ற தூரத்தைவிட நீளமாக, ஏசி இல்லாமல், மேடு பார்த்து ஏற்றி. இந்தத் தடவை கேள்வியை மறக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீசர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. முதலில் பழைய மூளையை மாட்டிக் காட்டினேன். ஹேர் டிரையரை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே சூடு காட்டினார், வேன் அணைந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு புதியதை மாட்டினேன். இரண்டு மடங்கு நேரம் காட்டினார். வேன் ஓடியது. டிரையர்தான் சூடு தாங்காமல் நின்றது. மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் பாடு.

"போன தடவை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"தப்பா கண்டுபிடிச்சேன் சார்" என்றேன்.

டிரையரை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இப்ப நம்பறேன்" என்றார். ஏப்ரல் முதல் வேலை மறுபடி அக்காவுக்கு.

ஏப்ரல் 5, சனி

நல்ல வெயில். பட்டறைத் தகரமெல்லாம் கொதித்தது. மதியம் ஒரு காருக்கு வைப்பர் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் அக்காவின் வேன் வந்தது. ஜன்னலோரம் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரோடு கையை ஆட்டினேன். அக்கா ஹாரன்கூட அடிக்கவில்லை, அவர் எழுந்துவிடுவார் என்று. புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள். வேன் நிற்கவில்லை.